பதினாறரை சென்ரிமீற்றர்

கடைக்காரி முதலில் கையைக் கேட்டாள்.
இடதை நீட்டப் போய்
வலதை நீட்டினேன்.

எட்மன்ரன், வைற் அவெனியூ, வெளியே மைனஸ் இருபத்தேழு.
வாசலில் கிடந்த உப்பு நான் தூவியதாகக்கூட இருக்கலாம்,
விடியப்புறம் அந்தப் பக்கம்தான் என் லொறி.
நாலு அடுக்கு உடுப்பைச் சுருட்டிச் சுருட்டி ஏற்றி
ஒரு மணிக்கட்டை வெளியே எடுக்க
இரண்டு நிமிடம் ஆயிற்று.
டானிக்கா என்று சட்டையில் குத்தியிருந்தவள்
அதுவரை பொறுத்து நின்றாள்.

துணி நாடா. எலும்புக்குக் கீழே ஒரு சுற்று.
பதினாறரை சென்ரிமீற்றர்.
பத்தொன்பது வருடம் பனி வழித்த கை
இவ்வளவுதானா என்றிருந்தது.

பழையதை மேசையில் வைத்தேன்.
நாற்பத்தாறு மில்லிமீற்றர்.
முதல் ஓவர்டைம் காசில் வாங்கியது.
கால் கிலோ உருக்கு,
முந்நூறு மீற்றர் ஆழம் தாங்குமாம்
(எனக்கு நீந்தத் தெரியாது).
கட்டினால் சோசரைக் கவிழ்த்த மாதிரி.
குளிர்ச்சட்டைக் கைக்குள் ஒருநாளும் புகுந்ததில்லை.
சட்டையைத்தான் மடக்கிவிட்டேன், பனிக்காலம் பனிக்காலமாக.
"கைக்கு மணிக்கூடோ, மணிக்கூட்டுக்குக் கையோ?"
இது திலகேஸ்வரி. நான் பதில் சொன்னதில்லை.

வட்டத்தைப் பார்க்காதே, என்றாள் டானிக்கா,
காதைப் பார்.
வார் பூட்டுகிற மேல் காதிலிருந்து கீழ்க் காது வரை அளந்து பார்.
உன் கையின் மேல் தட்டை ஐம்பத்திரண்டுதான்.
காது அதைத் தாண்டித் தொங்கினால்
அதன் பெயர் தொப்பி.

எங்கள் மொழியில் இந்த இடத்துக்குப் பெயரே
மணிக்கட்டு என்று சொல்லப் பார்த்தேன்.
மணி. கட்டு.
மணிக்கூடு வருவதற்கு எத்தனையோ காலம் முந்தியே
ஆரோ இடம் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று.
ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கையில்
அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.
"கூல்" என்றாள்.

பிறகு, நீ இடக்கைக்காரனா என்று கேட்டாள்.
இல்லை.
மற்றச் சட்டைக்கையை இரண்டு விரற்கடை தூக்கிக் காட்டினேன்.
நவம்பரில் தைத்தது,
தமனியையும் நாளத்தையும் இணைத்த இடம்.
சிறுநீரகம் கைவிடப்போகும் நாளுக்கு
இப்போதே வெட்டிவைத்த வாய்க்கால்.
இனி இந்தக் கையில் ஊசி இல்லை, பிரஷர் பட்டி இல்லை,
பாரம் தூக்கக்கூடாது,
மணிக்கூடு கட்டவே கூடாது.
காலையில் எழும்பியதும் விரல் வைத்துப் பார்க்கவேண்டும்,
நித்திரைப் பூனையின் நெஞ்சு மாதிரி உள்ளே குறுகுறுக்கும்.
நின்றால் உடனே போன் எடு என்றிருக்கிறார்கள்.

"தொடலாமா?"
தொட்டாள்.
"ஓ" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"வலக்கையில் கட்டினால் சாவித்திருகு முழங்கைப் பக்கம் போகும்.
கையை மடக்கினாலும் குத்தாது. நல்லதுதான்."
அன்றைக்கு முழுக்க எனக்கு யாரும் சொன்ன ஒரே நல்ல சேதி.

நாற்பது. கழற்று.
முப்பத்தெட்டு. கிட்டத்தட்ட.
"குனிந்து பார்த்தால் எல்லாம் பெரிதாய்த்தான் தெரியும்"
என்று ஆளுயரக் கண்ணாடிக்கு முன் நிறுத்தினாள்.
அதற்குள் நின்றவன் இடக்கையில் கட்டியிருந்தான்.
ஒரு கணம்
எல்லாம் பழைய இடத்தில்.

எடுத்தது முப்பத்தாறு.
பெண்களுக்கான வரிசையில் இருந்தது.
இருந்தால் என்ன, காது நாற்பத்துமூன்று,
சட்டைக்கைக்குள் சத்தமில்லாமல் புகுந்துவிடுகிறது.
இடக்கை விரல்களுக்குத்தான் இன்னும் வார் பூட்ட வரவில்லை;
பல்லால் இழுக்கிறேன், திலகேஸ்வரி பார்க்காதபோது.

இன்று விடியப்புறம், ஆற்றுப் பாலத்தில்,
அலகைப் பதித்துத் தள்ளிக்கொண்டு போகையில்
வானொலியில் கேட்டார்கள்: இப்போது எங்கே, எத்தனை மணி?
பழக்கத்தில் இடக்கையைத் திருப்பினேன்.
தழும்பு.
"நாலரை இருக்கும்" என்றேன்.
"நாலு இருபது" என்று திருத்தினார்கள்.