எட்டாயிரம் கன அடி

மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான்
எனக்கும் தீர்த்தகிரிக்கும் ஒன்றாக விழும்.
அவனுக்கு இரவு ஷிப்ட் முடிந்து கண் எரியும்,
எனக்கு மறுநாள் காலை ஷிப்ட்
அதற்குள்ளேயே தொண்டையில் நிற்கும்.
நடுவில் கிடக்கும் பகலை
ஓசூரில் துணி துவைத்துத் தீர்ப்பதில்லை என்று
போன வருஷமே முடிவு செய்துவிட்டோம்.

ராயக்கோட்டையில் டீ.
பாலக்கோட்டில் பெயர்ப்பலகை இல்லாத மெஸ்,
இட்லிக்குத் தக்காளித் தொக்கு.
மண்டியில் விலை சரிந்த வாரமென்றால்
கேட்காமலே இரண்டாம் கரண்டி விழும்.
இன்று ஒன்றுதான்.
"கிலோ அறுபதுங்க" என்றார் பரிமாறுகிறவர்,
அவரே ஏற்றிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

ஒகேனக்கல்லில் மீனை நாம் வாங்கித் தர வேண்டும்.
மிளகாயும் எண்ணெயும் கையும் கெம்பம்மாவுடையது.
"கெளுத்தி வேணாம், நேத்தையது.
ஜிலேபி எடு."
மீன்காரனுக்குக் கேட்கட்டும் என்றேதான் சொல்வாள்.
வாரம் ஆறு நாள் வால்வுக்கு வால்வு கேஜ் வைத்து
எடுப்பதும் தள்ளுவதுமாக இருக்கிறவள் நான்.
அவள் விரல் செவுளைத் தூக்கிப் பார்த்து மூடுகிற வேகம்
எங்கள் லைனில் யாருக்கும் வராது.

அப்புறம் பரிசல்.
இரண்டு ஆரஞ்சு ஜாக்கெட், இலையில் மடித்த மீன்,
மடியில் தூக்குவாளி.
சுழலில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு
பாறைகள் பிடித்து வைத்திருக்கும் மணலில்
இறக்கிவிட்டார் மாதப்பன்.
தீவு என்றான் தீர்த்தகிரி.
"திட்டுங்க" என்றார் மாதப்பன்.
நாற்பது அடி நடந்தால் மறுபடி தண்ணீர்.
எனக்கு அது தீவுதான்.

மீன் தீர்ந்தது. முள்ளும் மிளகாய்த்தூளும் விரலும்.
வாளியைத் திறந்தேன்: ஒப்புட்டு.
நேற்று ராத்திரி பதினொன்றுக்கு மேல்
அவன் இல்லாத வீட்டில், ஒற்றை அடுப்பில்,
பூரணம் இளகி ஓரமெல்லாம் கிழிந்து
பதினாலில் ஆறு தேறியது.
கம்பெனியில் என்றால் அந்த ஆறும் ரிஜெக்ட்.
அவன் கிழிந்ததாகப் பார்த்து மூன்றை முடித்து
ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்து
பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனான்.
என்ன சொல்ல வந்தான் என்று தெரியவில்லை.
வீட்டுக்கடன் பற்றியாக இருக்கும்.

"மேல மழையாம்.
காலைல எட்டாயிரம் கன அடின்னாங்க.
ஏறுச்சுன்னா பரிசலை நிறுத்திருவாங்க."
பீடியைக் கவிழ்த்துப் பிடித்தபடி
ஆற்றைப் பார்த்துச் சொன்னார் மாதப்பன்.
நான் ஒரு மீன்முள்ளை எடுத்து
தண்ணீர் முடிகிற இடத்தில் நட்டேன்.
பழக்கம்.
கால் மணியில் முள் நனைந்தது.
இன்னும் கொஞ்சத்தில் சாய்ந்தது.
பிறகு இல்லை.

அவனை எழுப்பவில்லை.
வாளியை மட்டும் ஒரு சாண் மேலே தள்ளி வைத்தேன்.
இன்னொரு முள் நட்டேன்.
மாதப்பனுக்கு இரண்டு ஒப்புட்டு நீட்டினேன்.
"தேங்கா போடலீங்களா?
எங்க வீட்ல தேங்கா போடுவாங்க" என்று
மென்றபடியே குறை சொல்லிவிட்டு
மூன்றாவதற்குக் கை நீட்டினார்.

கரையில் விசில் ஊதினார்கள்.
இரண்டாம் முள்ளும் போயிருந்தது.
தீர்த்தகிரி எழுந்து கன்னத்து மணலோடு கேட்டான்:
"ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?"
"ரெண்டு முள்ளு" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தான்.

செவ்வாய்க்கிழமை கேன்டீன் டிவியில்
இருபத்தையாயிரம் என்றார்கள். குளிக்கத் தடை.
அருவி தெரியவில்லை, புகை போல் ஏதோ தெரிந்தது.
எங்கள் திட்டு எந்தப் பக்கம் என்று
சாம்பார் சாதத்தை விட்டுவிட்டுத் தேடினேன்.
தூக்குவாளியின் மூடியை
அங்கேயே விட்டுவிட்டு வந்ததை
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.