கேசரி நிறம்

தேயிலை பூக்கும்.
வெள்ளையாய், நடுவில் மஞ்சள் தூளாய்.
நான் கண்டது
கைவிட்டுப்போன ஒன்பதாம் நம்பர் மலையில் மட்டும்.
மற்ற மலைகளில்
மொட்டுக்கு முன்னால் நாங்கள் போய்விடுகிறோம்,
எட்டு நாளைக்கு ஒரு தரம்.
கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை,
தேனீக்கு அத்தனையும் பொட்டல்.

ஐப்பசியில் பெட்டியைத் தூக்கினால்
பலகையின் கனம் மட்டும்.
நாலு நாள் மழை, ஐந்தாம் நாள் பனிமூட்டம்.
செத்தவற்றை வாசலுக்கு இழுத்துத் தள்ளின
சாகாதவை.
நவரத்ன முதலாளி கடையில்
கொப்பியில் எழுதி இரண்டு கிலோ சீனி.
சீனி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு,
சிரட்டையில் ஊற்றி
முழுகாமல் ஏறி நிற்க நாலு ஈர்க்கில்.

அடுத்த காம்பரா யோகராணி எட்டிப் பார்த்தாள்.
"ஒம் மகன் உள்ளங்கையில சீனிய வச்சு
நக்கி நக்கித் தேத்தண்ணி குடிக்கிறான்.
நீ பூச்சிக்குப் பாகு கரைக்கிறியா?"
பதில் இருந்தது, சொல்லவில்லை.
ஆவணியில் எட்டுப் போத்தல் எடுத்தவள் நான்.
எடுத்தது தேன், திருப்பிக் கொடுப்பது சீனி.
தீபாவளி அட்வான்ஸ் மாதிரித்தான்.

டர்பன்டைன் மரம் பூக்குமுன்
சிரட்டையை எடுத்துவிடு என்றார்கள் பயிற்சியில்.
இரண்டு பெட்டிக்கு எடுத்தேன்.
மூன்றாவது நோஞ்சான்.
மனசு வரவில்லை.
சரி, பூவிலிருந்து வந்தது எது
சிரட்டையிலிருந்து வந்தது எது என்று
எனக்காவது தெரியட்டும்.
பாகில் போட்டேன்
ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர்.

அந்த அடையை வெயிலுக்கு நேரே பிடித்தபோது
கோயில் கண்ணாடி மாதிரி
ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு.
மெழுகு மூடி ஒழுங்காய் இருந்தது.
அவை வேலையில் குறை வைக்கவில்லை.
வாயில் விட்டேன்.
நாக்கு நுனியில் இனித்தது, அதோடு சரி.
மற்றது அப்படியில்லை,
இனித்துவிட்டுக் கொஞ்சம் கசக்கும்,
நனைந்த மரப்பட்டை மணக்கும்,
தொண்டையில் காறிக்கொண்டு நெடுநேரம் நிற்கும்.

அப்புத்தளை வளைவில் மேசை போட்டேன்.
நல்லது ஐந்து போத்தல் மேலே.
ஆரஞ்சு ஒன்று, மகனுக்கென்று, காலடியில்.

வேனில் வந்தவர் வெள்ளவத்தைக்காரர்.
மேலே இருந்ததைத் தூக்கிச் சரித்தார்.
குளிரில் அடியில் உறைந்திருந்தது.
"சீனி கலந்திருக்கிறீங்க, பாருங்க, மண்டி."
தேன் உறையும் ஐயா என்றேன்.
நெருப்புக்குச்சியைத் தோய்த்து உரசினார்.
பற்றியது.
தேனைப் பற்றி அந்தக் குச்சிக்கு
ஒன்றும் தெரியாது.

பிறகுதான் குனிந்து பார்த்தார்.
"அடியில் ஒளிச்சு வச்சிருக்கிறதுதான் அசல்!
என்ன நிறம்!"
அது சீனி என்றேன்.
சிரித்தார். விலையேற்றுகிறேன் என்று நினைத்தார்.
நிஜமாகவே சீனி என்றேன்.
"சரி, எவ்வளவு?"
நவரத்ன முதலாளி கொப்பியில்
என் பேருக்கு நேரே இருந்த தொகையைச் சொன்னேன்.
அவர் முகம் மாறியது.
"இவ்வளவு மலிவா? அப்போ கலப்படம்."
துடைத்துக் கீழே வைத்துவிட்டு
அடுத்த மேசையில்
இரண்டு கட்டு கரட் வாங்கிக்கொண்டு ஏறினார்.

அன்று நல்லது இரண்டு விற்றது.
கொப்பியில் பாதி அழிந்தது.

அந்தியில் தேத்தண்ணி ஊற்றினேன்.
மகன் கையை நீட்டினான்.
உள்ளங்கைக் குழியில் ஒரு சொட்டு ஆரஞ்சு.
ஐப்பசியில் அவன் வாயிலிருந்து போனது
ஆயிரம் வயிறு ஏறி இறங்கி
அதே குழிக்கு வந்திருந்தது.
நக்கினான். குடித்தான். யோசித்தான்.
எப்படியிருக்கு என்றேன்.

"சீனி மாதிரி இருக்கும்மா."

பக்கத்துக் காம்பராவில் யோகராணி இருமினாள்,
சிரிப்பாகவும் இருக்கலாம்.
காலையில் பள்ளிக்கூடம் போகும்போதும்
அவன் கை
கொஞ்சம் ஆரஞ்சாய்த்தான் இருந்தது.