நான்கு கொடி

ரியோனி ஆற்றுக்கு மேலே, ஓக் காட்டின் ஓரம்,
இரண்டு வீட்டுக்கு நடுவே மூன்று மீட்டர் வழக்கு.
அளக்க வந்தேன்.
பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பென்சில் கோடு.
தரையில் எக்கலா.

ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக் கிடந்தது.
இலை இதய வடிவம் என்பார்கள்.
என் கால்சட்டை வேறு சொல்லிற்று.

முதல் கொடியை,
சிவப்புத் துணி கட்டிய குச்சியைத்தான் சொல்கிறேன்,
மேற்கு மூலையில் நட்டேன்.
இரண்டாவதை நட உள்ளே புகுந்தவன்
வெளியே வர முக்கால் மணி நேரம்.
போக விட்டு, திரும்பப் பிடிக்கிற முள்.
கையிலிருந்த கருவியில் இன்னொரு முள்
வடக்கு வடக்கு என்று நடுங்கியது.

சியாலா படியில் நின்று கத்தினாள்:
"அது முர்மானுடைய புதர். அதில் மாட்டி
என் கன்றுக்கு ஒரு கண் போயிற்று. எழுதிக்கொள்."
அந்தப் பக்கத்திலிருந்து முர்மான்:
"அவள் புருஷன் வெட்டாமல் விட்டது. அவளுடையது.
எழுதிக்கொள்."
எழுதிக்கொண்டேன். அது நவம்பர்.

ஏப்ரலில் மறுபடி அனுப்பினார்கள்.
நட்ட நான்கில் ஒன்றுதான் தெரிந்தது.
அதையும் ஒரு பற்றுச்சுருள்
துணியோடு சேர்த்து இறுக்கியிருந்தது.
நுனியெல்லாம் தளிர். வெண்கலப் பச்சை, பென்சில் பருமன்,
தொட்டால் ஒடியும்.
முள் இன்னும் குத்தக் கற்காத வயது.

"என் எக்கலா" என்றாள் சியாலா, மடியில் ஒரு கட்டு.
"என் எக்கலா" என்றான் முர்மான், தொப்பி நிறைய.
குத்தாய்சி சந்தையில் கட்டு ஐந்து லரி.
நவம்பர் தாளைப் புரட்டிக் காட்டினேன்.
இருவருக்கும் அன்று கண் மங்கல்.

பிறகு ஒடிக்கும் ஓசை மட்டும்.
இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று.
சில சமயம் ஒரே தண்டு இரு கைக்கும் அசைந்தது.
ஒரு தடவை அவள் "ஆ" என்றாள்.
அந்தப் பக்கம் ஓசை நின்றது.
ஒரு மரங்கொத்தி தன் வேலையை முடித்துக்கொண்டு போனது.
"நுனியை வளைத்து ஒடி" என்றது புதர், ஆண்குரலில்.
"அடியெல்லாம் முற்றல்."
அவள் பதில் சொல்லவில்லை.
வளைத்து ஒடித்தாள்.

மதியம் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.
வேகவைத்துப் பிழிந்து, அக்ரூட்டும் பூண்டும் காடியும் சேர்த்து அரைத்தது.
சோள ரொட்டி.
முதல் வாய் கசந்தது.
எந்தப் பக்கத்துத் தளிர் என்று நான் கேட்கவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
காணாமற்போன அலுவலகப் பொருள், கொடி, மூன்று.
அடுத்த வருகை என்ற கட்டத்தில்
நவம்பர் என்று எழுதி, அடித்து,
ஏப்ரல் என்று எழுதினேன்.