நல்

இரவு ஒன்பதே முக்கால்.
சங்ககிரி ரோட்டில் ரிக் லாரிகள்
கோபுரத்தை மடக்கிப் படுத்திருக்கின்றன.
திருச்செங்கோட்டில் எங்கள் சர்வர் அறை என்பது
பழைய பைப் ரூமுக்கு ஏசி வைத்தது.
கிரீஸ் வாசம் இன்னும் போகவில்லை.

முதலாளி கேட்டது ஒரே கேள்வி:
"தண்ணி வந்த போர் எத்தன, வராதது எத்தன?
ரெண்டயும் கூட்டுனா மொத்தம் வரோணுமில்ல?"

வரவில்லை.
மொத்தம் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு.
வந்தது மூவாயிரத்து நூற்றெட்டு,
வராதது ஆயிரத்து அறுபத்தாறு.
நாற்பத்திரண்டு குழிகள்
பூமியில் இருக்கின்றன, கணக்கில் இல்லை.

முதலில் ஜாயினைச் சந்தேகித்தேன்,
வழக்கம்போல.
ஊர் டேபிளில் காங்கயம் என்று ஒன்று,
காங்கேயம் என்று ஒன்று,
வால்பக்கம் ஓர் இடைவெளி ஒட்டிய காங்கேயம் இன்னொன்று.
கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி
என் மதியம் முழுவதையும் தின்றது.
சரி செய்ததும் ஐந்து குழிகள் வீடு திரும்பின.
மிச்சம் முப்பத்தேழு.

அதன்பின் எதுவுமே நகரவில்லை.
எதைத் திருத்தப் போனாலும் காத்திரு, காத்திரு.
பூட்டைப் பிடித்திருப்பது யாரென்று தேடினால்
கணக்கர் அர்த்தனாரி.
ஆறு மணிக்கு ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் திறந்தவர்
கமிட்டும் கொடுக்காமல் ரோல்பேக்கும் கொடுக்காமல்
தங்கச்சி மகள் தெரட்டிச் சீருக்குப் போயிருக்கிறார்.
போன் போட்டேன்.
மேளச் சத்தத்துக்கு நடுவில்
"கொன்னு போடு கண்ணு" என்றார்.
கொன்றேன்.
வரிசையில் நின்ற அத்தனையும் மூச்சு விட்டன.

கடைசியாகத்தான் கேள்வியையே படித்தேன்.
ஆழம் பூஜ்யமென்றால் வறண்டது,
பூஜ்யமில்லையென்றால் வந்தது.
எழுதியவள் நான், மூன்று வருடம் முன்பு,
எதற்கும் இரண்டு கதவு போதும் என்றிருந்த காலத்தில்.

அந்த முப்பத்தேழு கட்டங்களில்
எண்ணும் இல்லை, பூஜ்யமும் இல்லை.
நல்.
நீ பூஜ்யமா? தெரியாது.
பூஜ்யமில்லையா? தெரியாது.
உனக்கு நீயே சமமா?
அதற்கும் உதட்டைப் பிதுக்குகிறது.
வந்த மொழியில் அதற்கு ஒன்றுமில்லை என்று பொருள்,
நம்மிடம் வந்தால் 'நல்ல'வில் பாதி.
ஜன்னலில் மலை விளக்குகள்.
மேலே பாதி ஆணாய்ப் பாதி பெண்ணாய் நிற்பவர்
எத்தனை படிவங்களில் எங்கே டிக் அடிப்பாரோ.

சைட் நோட்டுகளை இறக்கிப் புரட்டினேன்.
ரிக் ஆபரேட்டர் குண்டுப் பென்சிலில் எழுதியிருக்கிறார்:
*முத்தூர், சென்னியப்பன், 870 அடி.
ஈரம் இருக்கு. பார்க்கலாம்.*
டைப் அடித்த பையன் என்ன செய்வான்?
எண் கேட்கும் கட்டம் 'பார்க்கலாம்' வாங்காது.
காலியாய் விட்டுத் தாண்டிவிட்டான்.

வராத போருக்குப் பாதிக் காசு திருப்புவது
எங்கள் கம்பெனி வழக்கம்.
காலையில் முத்தூருக்குப் பேசினேன்.
"தண்ணி வந்துச்சுங்களா?"
"வந்துச்சுங்க அம்முணி.
வரலீன்னும் சொல்லலாமுங்க.
மோட்டாரு போட்டா காமணி நேரம் ஓடும்,
அப்பறம் காத்துத்தான்.
ரெண்டு எருமைக்கு ஆகுமுங்க."
"வந்ததுன்னு போடட்டுங்களா, வரலீன்னுங்களா?"
அந்தப் பக்கம் வெகுநேரம் எருமைகள் மட்டும் கனைத்தன.
"அப்படியே கெடக்கட்டுமுங்க.
ஐப்பசி போகட்டும்."

நான் எதையும் திருத்தவில்லை.
கேள்விக்கு மூன்றாவதாய் ஒரு கதவு வைத்தேன்:
ஆழம் நல்லாக இருந்தால், *பார்க்கலாம்*.
முப்பத்தேழும் உள்ளே வந்து உட்கார்ந்தன.
கூட்டினேன். மொத்தம் வந்தது.

முதலாளி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
விரல் மூன்றாவது வரியில் நின்றது.
"இவங்களுக்குக் காசு தரோணுமா, வேண்டாமா?"
நான் வாய் திறக்கவில்லை.
தாளை நாலாய் மடித்தார்,
சட்டைப் பையில் வைத்தார்,
"பாக்கலாம்" என்றார்.