பாரம் ஏறிய பின்

பரிசோதகர் நெம்புகோலை நுழைத்து ஒருமுறை அசைத்தார்.
முன்னச்சு ஒரு விரற்கடை போய்
தயங்கித் திரும்பியது.
தாளில் ஒரு பெருக்கல் குறி,
முப்பது நாள் தவணை.

எழுபதைத் தொட்டால் ஸ்டியரிங் உதறும், எனக்குத் தெரியும்.
எண்பதுக்குப் போனால் அடங்கிவிடும் என்று
நான் கண்டுபிடித்து வைத்திருந்ததை
அவரிடம் சொல்லவில்லை.

நிரூபாவுக்கு அழைப்பெடுத்தேன்.
அண்ணனை விட்டுப் போய் இரண்டு வருஷம்,
என் போனில் இன்னும் மச்சாள் என்றுதான் கிடக்கிறாள்.
சுகம்கூட விசாரிக்கவில்லை.
"றப்பரா, பொலியா?"
பொலி கனகாலம் உழைக்கும், கிறீஸ் காய்ந்தால் கீச்சிடும்.
றப்பர் சத்தம் போடாமல் சாகும்.
"றப்பர்" என்றேன்.

லங்னாவுக்கு மேலே, கெர்பரின் மாட்டுக்கொட்டில் ஓரம்.
சனிக்கிழமை.
நாளைக்குச் சுத்தியல் தூக்க முடியாது,
இந்த நாட்டில் ஞாயிறு சத்தத்துக்கும் விடுமுறை.
புது புஷ் எட்டும் இரவு முழுக்க
அவளுடைய ஃப்ரீசரில் அறக்குளாத் துண்டுகளோடு கிடந்து
சுருங்கி வந்திருந்தன,
பிஸ்கட் டின்னுக்குள், துவாய் சுற்றி.

போல்ட்டு அசையவில்லை.
நேற்று எண்ணெய் விட்டிருந்தேன், முந்தாநாளும்.
பதினேழு குளிர்காலத்துத் தெருவுப்பு
போல்ட்டையும் அதைச் சுற்றிய இரும்புக் குழலையும்
ஒரே பொருளாக்கி வைத்திருந்தது.
நாலடிக் குழாயை ஸ்பேனரில் மாட்டி
இரண்டு பேரும் தொங்கினோம்.
அவளுடைய கலியாணப் படத்தில்கூட
நாங்கள் இவ்வளவு நெருங்கி நின்றதில்லை.

டக்.

எது உடைந்தது என்று ஆளையாள் பார்த்தோம்.
துருதான்.

பழையதை எரித்து எடுப்பார்கள்;
பசுக்களுக்குப் புகை ஆகாது என்று கெர்பர் தலையாட்டிவிட்டார்.
வாளின் அலகைக் கழற்றித் துளைக்குள் கோத்து
வெளிக்கூட்டை அறுத்தோம், மாறி மாறி,
மணிக்கட்டு செத்துப்போகும் வரை.
கடைசியில் கையில் விழுந்தது ஒரு கறுப்புத் துண்டு:
ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து,
விளிம்பெல்லாம் வெடித்து,
நடு ஓட்டை ஓரத்துக்கு ஒதுங்கி.
இரும்பை இரும்பு இடிக்காமல்
இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டது.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"மாமி" என்றாள்.
சிரித்தேன்.
பிறகு அம்மா செத்த மாதத்தையும்
அவள் சூட்கேஸ் எடுத்த மாதத்தையும்
மனதுக்குள் கழித்துப் பார்த்தேன்.
மூன்று.

குளிர்ந்ததை வைத்து வைஸைச் சுற்றினால் நேராகப் போகும்,
அதற்கும் இரண்டு நிமிஷம்தான்.
நாலாவது கோணிக்கொண்டு நின்றது.
அவள் அதற்குச் சொன்ன வார்த்தையை
கெர்பருக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஆறு மணிக்குள் எல்லாம் ஏறிவிட்டது.
சில்லுகள் அந்தரத்தில்,
நான் டார்க் ரெஞ்சைப் பிடித்துவிட்டேன்.
"பொறு. இறக்கிப்போட்டு இறுக்கு."
"ஏன்?"
"தொங்கேக்க இறுக்கினா
நிலத்தில நிக்கிற நேரமெல்லாம் றப்பர் முறுகியே நிக்கும்.
வருஷத்துக்குள்ள கிழிஞ்சிடும்."
"எங்க படிச்சனி?"
"முதல் தரம் நான் தொங்கவிட்டுத்தான் இறுக்கினனான்."

எந்த வாகனம் என்று நான் கேட்கவில்லை.

ஜக்கை இறக்கினோம்.
ஜிம்னி தன் பாரத்தைத் தானே வாங்கிக்கொண்டு
கொஞ்சம் உட்கார்ந்தது.
பொனெற்றில் கை வைத்து நாலு தரம் அமுக்கினாள்.
நான் முதுகால் ஊர்ந்து உள்ளே போனேன்,
உருகிய பனி சட்டைக்குள் இறங்கியது,
ஒவ்வொன்றாய் கிளிக் கேட்கும் வரை இறுக்கினேன்.
எட்டாவது கிளிக்கோடு கோயில் மணியும் அடித்தது,
கீழே ஊருக்குள்.

திரும்பும் வழியில் எழுபது.
ஸ்டியரிங்கில் ஒரு விரல் போதும்.
அறுபது, எழுபது, மறுபடி அறுபது,
வேண்டுமென்றே.
முன்பக்கம் அவ்வளவு அமைதியாகிவிட்டதால்
பின்னாலிருந்து ஒரு டொக்
முதல் தடவையாகக் கேட்டது.

அவளும் கேட்டாள்.
ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள்.

"அப்ப அடுத்த சனிக்கு முன்னம்
மீனைத் தின்னு முடிக்கவேணும்" என்றாள்,
"ஃப்ரீசரில இடமில்லை."