மூன்று பார்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசை,
அடகுக்கடைக்கும் ஆட்டிறைச்சிக் கடைக்கும் நடுவே
சியூ லிங்கின் கடை.
முந்நூறு மீட்டர் என்று எழுதியிருக்கிறது
கடிகார முகத்தில், எறும்புக்கால் எழுத்தில்.
இந்த ஊரில் அத்தனை ஆழத்துக்குத் தண்ணீர் கிடையாது.
மில்லின் கழிவுக்குட்டை பத்தடி.
செர்த்திங் ஆறு, மழையில்லாத மாதங்களில், முழங்கால்.

'இன்னும் தண்ணி தாங்குமா பாரு' என்றேன்.
திருப்பினாள், காதோரம் வைத்தாள்,
யாருடையது என்று கேட்கவில்லை.

மச்சானுடையது. சவரிநாதன்.
நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி வாங்கினான்,
பெரிய வியாழனுக்குள் தருவதாக.
பெரிய வியாழன் போனது, மாதா திருநாளும் போனது.
ஒரு விடியலில் என் மோட்டார் சைக்கிள் கூடையில்
கோழித்தீவனப் பையில் சுற்றி இது கிடந்தது.
ஆள் இல்லை.

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருந்தபோது
கப்பலடியில் முங்கிச் சிப்பி சுரண்டியதாகச் சொல்வான்;
நார்வேக்கார சூப்பர்வைசர் ஒருவன்
தன் கையிலிருந்தே கழற்றிக் கொடுத்தானாம்.
அவன் பொய்களை வீட்டில் எண்ணி வைத்திருந்தோம்.
இதற்கு நம்பர்கூடப் போடவில்லை.
ஆற்றில் கணுக்காலுக்கு மேல் இறங்காதவன்.

ஒரு கண்ணாடி உருளை, பாதிவரை தண்ணீர்.
கடிகாரத்தைக் கொக்கியில் தொங்கவிட்டாள்,
தண்ணீருக்கு மேலே, படாமல்.
மூடியைத் திருகிக் கைப்பம்பை அடித்தாள்.
முள் ஏறியது. ஒன்று. ஒன்றரை.
மூன்று பாரில் நிறுத்தினாள்.

சிரிப்பு வந்தது எனக்கு.
பதினெட்டு வருஷமாக நான் காவல் நிற்கும் எண் அது,
ஸ்டெரிலைசருக்குள் செம்பனைக் குலைகள் வேகும் அழுத்தம்.
முள் இறங்குமுன் கதவைத் தொட்ட
வங்காளதேசத்துப் பையன் ஒருவனின் பெயர் எனக்குத் தெரியும்.
சொல்லமாட்டேன்.
ஆகவே காத்திருந்தேன்.
காத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஓட்டை இருந்தால் இப்போது காற்று உள்ளே போகும்,
தண்ணீருக்குள் விட்டு அழுத்தத்தைக் குறைத்தால்
போன வழியே வெளியே வரும் என்றாள்,
பாதி மலாய், பாதி தமிழ்.
ஐந்து நிமிஷம். பக்கத்துக் கடையில்
எலும்பு வெட்டும் சத்தம்.

கொக்கி இறங்கியது. வால்வைத் திறந்தாள்.
சங்கிலி இடுக்கிலிருந்து நாலைந்து குமிழ்கள்.
'அது சும்மா, வெளிக்காத்து.'
பிறகு சாவித்திருகின் அடியிலிருந்து
ஒன்று.

இன்னொன்று.
அப்புறம் நூலில் கோத்த மாதிரி
நிற்காமல்.
முள் பூஜ்யத்தைத் தொடுமுன்
வெடுக்கென்று மேலே தூக்கினாள்.
தாங்காது. கை கழுவும்போதுகூடக் கழற்றிவிடு.

எதற்கு மறைப்பானேன், திருப்தியாகத்தான் இருந்தது.
இதுவும் அவன் மாதிரியே.

முதுகைத் திறந்தாள். கறுப்பு வளையம்
இடுக்கி பட்டதும் பொடிந்தது.
'கித்தாவா?'
'பெட்ரோல்ல செய்யறது லா. மரம் இல்ல.'
திருகை உருவி, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினாள்.
தண்டின் கழுத்தில் துரு,
துருவின்மேல் வெள்ளையாக ஏதோ.
உப்பு, என்றாள்.
குழாய்த்தண்ணி இப்படித் தின்னாது.
கடல்தான். பழசு. பத்து வருஷம் இருக்கும்.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க
எனக்குக் கொஞ்சம் நேரமானது.
கப்பலுக்கு அடியில் இருட்டு எப்படி இருக்கும் என்று
ஒரு தடவை சொல்ல ஆரம்பித்தான்.
நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

முந்நூற்று எண்பது வெள்ளி. இரண்டு வாரம்.
பில் யார் பேருக்கு என்றாள்.
சொன்னேன். எழுத்துக்கூட்டி இரண்டு முறை.
போன் நம்பர்?
அதையும் அவனுடையதையே கொடுத்தேன்.
மணி அடிக்கும், எடுக்கமாட்டான்,
ரெடியானதும் நீ கூப்பிட்டுப் பார் என்றேன்.