இருப்புப் பதிவேடு

போன வருஷம்வரை நிலக்கரி ஏற்றிய படகு.
மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும்
பலகைச் சந்துகளில் கறுப்பு கசிகிறது.
விரிப்பை உதறினால்
ஹெஸ்டர் கார்பட்டின் முன்னங்கைகளில்
சுரங்கத்துக்காரனின் அழுக்கு.
அவள் அப்பாவும் இந்த நிறம்தான்.

முப்பது கட்டில்.
ரயிலின் குலுக்கலைத் தாங்காதவர்கள் மட்டுமே
இங்கே வருகிறார்கள்.
நெஞ்சில் துளை, வயிற்றில் துளை,
மூன்று துண்டாய்த் தொடையெலும்பு.
மேலிருந்து கயிற்றில் இறக்குகிறார்கள், வாளி மாதிரி.
இறங்கும்போது ஒருவரும் கீழே பார்ப்பதில்லை.

"ஏணியில் பெண்கள் இறங்க முடியாது" என்றார்
கேப்டன் லட்லோ, முதல் நாள்.
அன்றிரவு பாவாடையில் நாலு அங்குலம் வெட்டினாள்.
வெட்டிய துணி
காலையில் யாரோ ஒருவன் தோளில் தூளியாய்த் தொங்கியது.

ஃப்ளாண்டர்ஸ் கால்வாய்க்கு அவசரம் தெரியாது.
மதகு வந்தால் நிற்கும்,
நீர் ஏறும்வரை நிற்கும்.
அந்த அரைமணியில் இரண்டு பேருக்குக் கட்டு மாற்றலாம்.
ஒருவன் சாகலாம்.
இருட்டினால் நகரக் கூடாது, விளக்கும் ஆகாது.
கடிகார முள் தெரியாமல்
தன் நாடியைக் கடிகாரமாக்கி அவர்கள் நாடியை எண்ணுகிறாள்.
சில இரவுகளில்
கடிகாரமே வேகமாக ஓடுகிறது.

"எங்கே இருக்கிறோம், சிஸ்டர்?"
"தண்ணீர்மேல்."
அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

பதினேழாம் கட்டில், எபனேசர் என்ற பையன்.
"கொஞ்சம் வெளிச்சம்.
என் கை இருக்கிறதா என்று பார்க்கணும்."
போர்வைக்குள் லாந்தரை ஏற்றி
பத்து எண்ணினாள்.
இருந்தது, கை.
ஏழிலேயே விமானச் சத்தம்.
படகுக்காரன் லீவன் பாய்ந்து வந்து பிடுங்கி
விளக்கைக் கால்வாயில் எறிந்தான்.
ஃப்ளெமிஷில் ஏதோ திட்டினான்.
நியாயமான திட்டு.
விடிவதற்குள் பையன் போய்விட்டான்.
அந்தக் கையை அவள்தான் மடக்கி வைத்தாள்.

வருஷக் கடைசியில் படிவம் வந்தது.
அதிகாரிகள். சிப்பாய்கள். பொருட்கள்.
அவளுக்கென்று பத்தி இல்லை.
எனவே பொருட்களின் கீழ் எழுதினாள்:

போர்வை அறுபது.
கழிகலம் பன்னிரண்டு, ஒன்று நசுங்கியது.
கத்தரிக்கோல் மூன்று.
லாந்தர் ஏழு.
செவிலியர் இரண்டு. தேய்மானம் உண்டு, உபயோகத்தில் உள்ளது.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது,
முத்திரையுடன், கையெழுத்துடன்.
எல்லாம் சரி.
ஒரே ஓர் இடத்தில் சிவப்பு மை:

லாந்தர் எட்டு இருக்க வேண்டும்.
விளக்கம் தருக.